பொரியோடு கொடுத்த பாஸ்வேர்டு

நீடாமங்கலத்தில் சிவசாமியின் நெல்விதை நிறுவனத்தில் ஆயுத பூஜை என்றால் பொரி, கடலை, கூடவே ஒரு பாஸ்வேர்டு. கணினிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி முடித்ததும் முதலாளி அந்த வருஷத்துப் பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொல்வார். எப்போதும் குலசாமி பெயர்தான். பின்னால் வரும் எண் மட்டும் மாறும். மூட்டை தூக்க வந்தவர், டீ கொண்டுவந்தவர் எல்லார் காதிலும் அது விழும். இதெல்லாம் ஒரு ரகசியமா என்று யாராவது கேட்டால், முதலாளிக்குக் கேட்டவர் மேல்தான் கோபம் வரும்.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் மலர்க்கொடிக்கு இது தப்பென்று தெரியாதா என்ன? எம்.சி.ஏ. படித்தவள். ஆளுக்கொரு கணக்கு, அவரவர் வேலைக்கு வேண்டிய அனுமதி மட்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். ஆனாலும் அலுவலகத்தில் ஆறு பேரும் அந்தப் பாஸ்வேர்டைப் போட்டு அவளுடைய கணக்கிலேயே உள்ளே போய்வந்தார்கள். அவள்தான் விட்டிருந்தாள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கூலிக்கு நடவு நட்ட குடும்பம் அவளுடையது. அப்பா முருகையன் எந்தப் பெரிய வீட்டுக்குப் போனாலும் வாசலோடு நின்று பேசிவிட்டு வருவார். பள்ளிக்கூடத்திலோ கணினி அறை பூட்டியே கிடக்கும். தொட்டால் கெட்டுப்போகுமாம். ஜன்னல் கம்பி வழியாகத்தான் அவள் முதல் கணினியைப் பார்த்தாள். அந்த வயிற்றெரிச்சல் லேசில் ஆறுமா? தன் கைக்குச் சாவி வந்தால் ஒருவரையும் வெளியே நிறுத்துவதில்லை என்று வைராக்கியம் வைத்திருந்தாள். ‘அனுமதி இல்லை’ என்று யார் திரையில் வந்தாலும் அவளுக்குச் சுருக்கென்று இருக்கும்.

அந்த வைராக்கியம் கடைசியில் பொன்னுத்தாய் தலையில் விடிந்தது.

பொன்னுத்தாய் சாக்கு தைக்க வந்தவர். மலர்க்கொடியிடம் தட்டச்சு பழகி, வந்த மூட்டைகளைக் கணினியில் பதியும் வேலைக்கு மாறியிருந்தார். சம்பா விதைப்பு நெருங்கிய ஒரு காலையில், முளைப்புச் சோதனை முடிவுகள் இருந்த ஃபோல்டரைக் காணோம். எந்த விதை முளைக்கும், எது முளைக்காது என்றே தெரியாமல் எப்படி அனுப்புவது? முந்தின வாரம் எடுத்த பிரதியில் பாதிதான் இருந்தது.

“நேத்து கடைசியா உக்காந்திருந்தது அந்தம்மாதானே?” என்றார் சிவசாமி. “தெரியாதவங்க கையில குடுத்தா இப்படித்தான். இன்னையோட அனுப்பிடுங்க.”

“நான் அந்தப் பக்கமே போகலைங்க” என்று பொன்னுத்தாய் ஒருமுறை சொன்னார். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

யார் எந்த ஃபைலைத் தொட்டார்கள் என்பதைக் கணினி தானாகவே குறித்துவைக்கும். அதை நம்பித்தான் மலர்க்கொடி உட்கார்ந்தாள். எல்லாரும் மாறி மாறி உட்காரும் நடு மேஜைக் கணினி. சாயங்காலம் ஆறரை மணி. அழித்தவர் பெயர்: மலர்க்கொடி. அதற்கு முன்னால் திறந்தவர்? அதுவும் மலர்க்கொடி. மேலே போனாலும் கீழே வந்தாலும் அவள் பெயர்தான். பொன்னுத்தாய் குற்றமற்றவர் என்று சொல்ல அந்த இயந்திரத்திடம் ஒரு வார்த்தை இல்லை. அட பாவி, எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே இருப்பவருக்கு ஒரு சாட்சிகூட இல்லாமல் செய்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

முதலாளி அறைக்குப் போனாள்.

“கம்ப்யூட்டர் பேரைச் சொல்லிடுச்சு சார்.”

“யாராம்?”

“நான்தான்.”

“என்னம்மா, விளையாடுறீங்களா?”

“அதுல இருக்குறதச் சொல்றேன். அந்நேரம் நான் தஞ்சாவூர் பஸ்ஸுல இருந்தேன். ஆனா அனுப்புறதுன்னா என்னைத்தான் அனுப்பணும். அந்தக்கா செஞ்சதா எங்கேயும் இல்ல. அந்தப் பாஸ்வேர்டு உங்களுக்கும் தெரியும் சார்.”

சிவசாமி கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “சரி, ரெண்டு பேரும் போய் வேலையப் பாருங்க” என்றார். அழித்தது யார் என்பது இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரமே ஆளுக்கொரு கணக்கு திறந்து, அவரவர் வேலைக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுத்தாள். அதற்கு வந்த மனத்தாங்கலைக் கேட்க வேண்டுமே! “நாங்க என்ன திருடங்களா?” என்று ஸ்டோர் சாமிதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எனக்குக்கூடவா சொல்லக் கூடாது?” என்று முதலாளி கேட்டார். யாருக்குமே கூடாது என்றாள்.

கடைசியாகப் பொன்னுத்தாய் வந்து உட்கார்ந்தார். அவர் பாஸ்வேர்டு அடித்து முடிக்கும்வரை மலர்க்கொடி சுவரைப் பார்த்து நின்றாள். திரும்பியபோது, பொன்னுத்தாய் அந்த முளைப்பு ஃபோல்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘அனுமதி இல்லை’ என்று திரையில் வந்தது. மலர்க்கொடிக்குப் பழையபடி சுருக்கென்றது.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க...”

“இரு மலரு. இனிமே நான் இதுக்குள்ள போனேன்னு ஒருத்தரும் சொல்ல முடியாதுல்ல?”

“முடியாதுக்கா.”

பொன்னுத்தாய் நிம்மதியாக மூச்சுவிட்டார். நிஜந்தானா என்று பார்க்க, இன்னொரு தடவை தட்டினார்.