குங்குமச் சிமிழ்

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் இருந்தபோது எனக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். "வேறு மாத்திரை ஏதாவது?" என்று டாக்டர் கேட்டபோது நாத்தனார் பக்கத்தில் நின்றாள். உடம்பு இளைக்க மாத்திரை சாப்பிடுவதை அவள் எதிரில் சொல்வேனா? இல்லை என்றேன். மாத்திரைகளைக் குங்குமச் சிமிழில் ஒளித்திருந்தேன்.

நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். சிமிழோடு கைக்குட்டையில் முடிந்து அவளிடம் கொடுத்தேன். என் வைரத்தோட்டின் மேல் அவளுக்குக் கண் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். வராந்தாவில் அவள் முடிச்சை அவிழ்ப்பது கட்டிலிலிருந்தே தெரிந்தது. நினைத்தது சரிதான்.

சற்று நேரத்தில் டாக்டரோடு வந்தாள். "இதோடு மயக்க மருந்து கொடுத்திருந்தால் இதயமே நின்றிருக்கலாம்" என்று அவர் சிமிழைக் காட்டினார். ஆபரேஷன் தள்ளிப்போனது.

"நெத்திக்கு இட்டு அனுப்பலாம்னு தெறந்தேன் மன்னி. மாத்திரையா இருந்தது, பயந்துட்டேன்" என்றபடி மூட்டையைத் திருப்பித் தந்தாள்.

அப்போதும் என் விரல்கள் முதலில் தோட்டைத்தான் தடவித் தேடின. அதை அவளும் பார்த்தாள்.