சண்டைக்காரிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

என் தம்பி பீமாராவ் செஞ்சியில் ஓர் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். இருபத்தாறு வருடமாகக் குடுவை கழுவுகிறான், அமிலம் அளந்து வைக்கிறான், வாத்தியார் வருவதற்கு முன்னால் போய் எல்லாவற்றையும் துடைத்து அடுக்குகிறான். ஒரு நாளைக்கு அவன் வாயிலிருந்து இருபது வார்த்தை வந்தால் அதிகம். எனக்கு அப்படியில்லை. தொண்டூரில் முப்பது வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். நூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையாக உட்கார வைத்த வாய் இது. இந்த வாயால் செய்த கேட்டையும் சேர்த்துத்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

முந்தின வருடம் சித்திரையில் அவன் பெண்சாதி கலைச்செல்வி காய்ச்சல் என்று படுத்தாள். மஞ்சள் காமாலை என்றார்கள், அப்புறம் கல்லீரலே கெட்டுவிட்டது என்றார்கள். புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். ஒரே மகள் தமிழினி அப்போது கடலோரக் கல்லூரி ஒன்றில் கடல் உயிரினங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

"இப்பப் போயி சொல்லி அதுக்கு டென்ஷன் குடுக்காதடா. பரீட்சை முடியட்டும்."

இதைச் சொன்னது நான்தான். எங்கள் சனங்களில் இது ஒன்றும் புதிதில்லை. காணி நிலம் இல்லாமல் அடுத்தவன் வயலில் குனிந்து கிடந்த குடும்பங்கள். படிப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தோம். பிள்ளை பரீட்சை எழுதுகிறது என்றால் வீட்டில் எது நடந்தாலும் மூச்சு விட மாட்டோம். என் அப்பன் செத்ததே எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்துதான் தெரியும். நான் அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

தமிழினி நாலு பரீட்சை எழுதினாள். ஐந்தாவதற்கு முதல் நாள் கலைச்செல்வி போய்விட்டாள். பொண்ணு வந்து இறங்கியபோது அம்மாவை நடு வீட்டில் கிடத்தியிருந்தது.

"எத்தினி நாளா நைனா?"

"ஒம்பது நாளும்மா."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அப்பனோடு பேச்சே இல்லை. சொல்ல வேண்டாம் என்று தடுத்தது நான்தான் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதோடு விட்டேனா? ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று ஒரு பொய்யும் சொன்னேன். "உங்கம்மாவுக்கு மொத நாளே நெனவு தப்பிடுச்சு தமிழு. நீ வந்திருந்தாலும் ஒன்ன அடையாளம் தெரிஞ்சிருக்காது." தம்பி பக்கத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டினான்.

காரியம் முடிந்ததும் அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். நான் என் வீட்டைப் பூட்டிக்கொண்டு தம்பிக்குச் சோறாக்க வந்து சேர்ந்தேன். நாலு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் தமிழினி வந்தாள். கொச்சியில் ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது, மறுநாள் ரயில் என்று என்னிடம் சொன்னாள். கையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. அதைக் கொண்டுபோய் அப்பன் முன்னால் வைத்தாள்.

"இத வச்சுப் பாத்துக்க முடியுமா நைனா?"

நாலு மாதத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. வாளிக்குள் நல்ல பாம்பு இருந்திருந்தாலும் அவன் முடியும் என்றுதான் சொல்லியிருப்பான்.

உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு இறால் மாதிரி ஒன்று இருந்தது. பச்சை உடம்பு, ஓரத்தில் சிவப்பு, நீலம். மான்டிஸ் இறால் என்று பெயர் சொன்னாள். கும்பிடு பூச்சி மாதிரி முன்கையை மடித்து வைத்திருக்கும். அந்தக் கையால் ஒரு குத்து விட்டால் நத்தை ஓடு சுக்குநூறாகப் போய்விடும். கண் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் சுழலும். கல்லூரித் தொட்டியில் நடந்த சண்டையில் இதற்கு ஒரு கை போய்விட்டதாம். கடலில் விட்டால் பிழைக்காது. சட்டை உரிக்கும்போது புதுக் கை முளைக்கும், அதுவரைக்கும் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்றாள். "இன்னாடி இது, நொண்டிச் சண்டைக்காரியா?" என்றேன். அந்தப் பேரே அதற்கு நிலைத்துவிட்டது.

அப்புறம் பார்க்க வேண்டுமே என் தம்பி பட்ட பாட்டை! கண்ணாடிக் கடை ஆனந்தராஜிடம் போய் இருப்பதிலேயே தடித்த கண்ணாடியில் தொட்டி செய்யச் சொன்னான். சாதாரணக் கண்ணாடியை இவள் குத்தி உடைத்துவிடுவாளாம். அடியில் மணல், கல், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப். தண்ணீர்தான் பெரும்பாடு. செஞ்சியில் இருப்பதெல்லாம் பாறை. கடலுக்கு எங்கே போவது? திண்டிவனம் போய் பஸ் மாறி மரக்காணம் போனான். இரண்டு பெரிய கேன் நிறையக் கடல் தண்ணீரை மொண்டு, திரும்பவும் இரண்டு பஸ் ஏறி வந்தான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை இதே கூத்து. ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். கண்டக்டர் கேனைக் காலால் தட்டி, "இன்னாயா இது, சாராயமா?" என்றான்.

"கடல் தண்ணி சார். இறாலுக்கு."

"கடல் தண்ணியக் காசு குடுத்து டிக்கெட் எடுத்து ஏத்தினு போறியா? நல்லா இருக்கியா நீ?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கண்டக்டரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன். தம்பி மட்டும் கேன் உருளாமல் முழங்காலால் அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளியிலிருந்து வந்ததும் கையை மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் தொட்டிப் பக்கமே போவான். ஆய்வகத்தில் மயில்துத்தம் தொட்ட கை, அது இவளுக்கு ஆகாது என்பான். எங்கள் ஊர் வெயில் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை, மலைப் பாறைகளிலிருந்தும் அடிக்கும். அந்த நாட்களில் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துத் தொட்டியில் மிதக்க விடுவான். ஏரியிலிருந்து நத்தை பொறுக்கி வருவான். நாங்கள் குழம்பு வைக்கிற அதே நத்தைதான். போட்டதும் 'டக்'கென்று ஒரு சத்தம் அடுப்படி வரை கேட்கும்.

இத்தனையும் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தமிழினி வீடியோ காலில் வருவாள். அதற்காகக் காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் வந்ததும், "போனத் தொட்டிப் பக்கம் திருப்பு நைனா," என்பாள். திருப்புவான். அவன் முகத்தை அவள் பார்க்கவே மாட்டாள். "தண்ணி மாத்துனியா? சாப்டுதா? சரி, வைக்கிறேன்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பெத்தவன விட இந்தப் பூச்சி ஒசத்தியாப் போச்சாடா அவளுக்கு?" என்று கத்துவேன். "பேசுதுல்லக்கா, வுடு," என்பான்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்கு வந்து நின்றான். "அக்கா, இன்னிக்கி 'நீ சாப்டியா'ன்னு கேட்டுச்சு," என்றான். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான். அன்றைக்கு அந்தப் பூச்சியைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாசியில் செய்முறைத் தேர்வு வந்தது. தன் பள்ளி வேலை போதாதென்று அனந்தபுரத்துப் பள்ளிக்கும் அவனைப் போகச் சொல்லிவிட்டார்கள். விடியற்காலையில் போனால் இருட்டித்தான் வருவான். வரும்போது ஆள் பாதியாக இருப்பான். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும். உப்பு மட்டும் அப்படியே தங்கிவிடும். அதனால் கோடு போட்ட இடம் வரைக்கும் தினம் குடிதண்ணீர் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீர் இல்லை. இதை என் மண்டையில் ஏற்றவே அவனுக்கு இரண்டு நாள் ஆனது. "கேன் தண்ணிய ஊத்துக்கா, போதும். சோப்புக் கை மட்டும் படக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கேன் தண்ணீர் எனக்கு என்றைக்கும் பிடிக்காது. பிளாஸ்டிக்கில் எத்தனை நாள் கிடந்ததோ! எனக்கு முட்டி வலி. செம்புக் குடத்தில் ராத்திரி முழுக்க வைத்த தண்ணீரைக் குடித்தால் நல்லது என்று எல்லோரும் சொல்ல, ஒரு குடம் வாங்கி, தினமும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து நிரப்பி வைப்பேன். வீட்டிலேயே உயர்ந்த தண்ணீர் அதுதான். நான் குடிப்பதில் பாதியைக் குறைத்துக்கொண்டு அவளுக்கு ஊற்றினேன். என் மருமகளைப் பேச வைத்தவள் இல்லையா? சோப்புப் படாமல் கையைக் கழுவிக் கழுவி ஊற்றினேன். பன்னிரண்டு நாள் அப்படியே நடந்தது.

வியாழக்கிழமை அவள் மணலையும் கல்லையும் இழுத்துப் பைப் வாயை அடைத்துக்கொண்டாள். போட்ட நத்தை அப்படியே கிடந்தது. சட்டை உரிக்கும் முன்னால் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொள்ளுமாம். தம்பி மகளுக்குச் செய்தி அனுப்பினான். அவள் வேலை நாளென்றும் பார்க்காமல் உடனே கூப்பிட்டாள்.

"புதுக் கை வந்துடும் நைனா! யாரும் தொந்தரவு பண்ணாதீங்க. திங்கக்கெழம இங்க பெரியவங்க முன்னாடி என் ஆராய்ச்சியப் பத்திப் பேசணும். அது முடிஞ்சதும் லீவு போட்டு வர்றேன். நானே பாக்கணும்."

அவள் வீட்டு வாசலை மிதித்து ஆறு மாதமாகியிருந்தது. தம்பி அன்றைக்கே அவள் அறையைக் கூட்டிக் கழுவினான். கலைச்செல்வி இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே கட்டிலைத் திருப்பிப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். தொட்டியிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. தம்பி பைப்பை மெல்ல எடுத்துச் சாய்த்தான். சண்டைக்காரி வழுக்கிக்கொண்டு அவன் உள்ளங்கையில் விழுந்தாள். நிறமெல்லாம் வெளுத்திருந்தது. கண் இரண்டும் ஒரே பக்கம் பார்த்தபடி நின்றிருந்தது.

அவன் எழுந்து அடுப்படிக்குப் போனான். திரும்பி வந்து கேட்டான்.

"கேன் மூடியே பிரிக்கலியேக்கா. இத்தினி நாளா எத ஊத்துன?"

"செம்புக் கொடத்துத் தண்ணிடா. நல்ல தண்ணி. நான் குடிக்கிறதுதான்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மயில்துத்தத்தில் இருப்பதும் செம்புதான், குடத்திலிருந்து கரைவதும் செம்புதான், மனுஷனுக்கு ஒன்றும் செய்யாத அளவே இந்தச் சாதியைக் கொன்றுவிடும் என்று மெதுவாகச் சொன்னான். எந்தக் கையைத் தினம் மூன்று தடவை கழுவினானோ அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். திட்டியிருக்கலாம். அந்தக் குடத்தைத் தூக்கி என் தலையில் போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? "டேய் பீமா, நாளைக்கி அதுக்கு முக்கியமான நாளு. இப்பச் சொன்னா எல்லாம் கெட்டுடும். நான் மரக்காணம் போறேன், காசிமேட்டுக்கு வேணா போறேன். இதே மாதிரி ஒண்ணு புடிச்சினு வந்துடலாம். நாளைக்கி முடியட்டும்டா," என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்று என் காதிலேயே விழுந்தது. ஐயோ, என் வாயில் மண்ணைப் போட!

பதினோரு மணி வரை அவன் காத்திருக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"இன்னா நைனா, காலையிலயே? சட்டை உரிச்சிடுச்சா?"

"இல்லம்மா. செத்துப்போச்சு. பாத்து அரை மணி நேரம்கூட ஆவல. தண்ணியில செம்பு கலந்துடுச்சு. என் தப்புதான்."

 

"அரை மணி நேரத்துல சொல்லிட்ட," என்றாள் தமிழினி. "ஒரு இறாலுக்கு."

என்னால் தாங்க முடியவில்லை. போனைப் பிடுங்கினேன்.

"தமிழு, தண்ணி ஊத்துனது நான்டி. அன்னிக்கி ஒனக்குச் சொல்லாதன்னு தடுத்ததும் நான்தான். இவன் சொல்றேன்னு நின்னான். நான்தான் வுடல. இவன் மேல கோவத்த வச்சுக்காத."

"நீங்க ஆயிரம் சொல்லலாம் அத்த," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "போனு நைனா கையிலதான இருந்துச்சு?"

"ஆமாம்மா," என்றான் தம்பி. "என் கையிலதான் இருந்துச்சு."

அவள் அழ ஆரம்பித்தாள். வெகு நேரம் அழுதாள். போனை வைக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நைனா, அம்மா என்னக் கேட்டுச்சா?" என்றாள்.

நான் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். வேண்டாம்டா, அதை மட்டும் சொல்லாதே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கேட்டுச்சும்மா. கடைசி நாள் வரைக்கும் நெனவு இருந்துச்சு. கதவு தொறக்கும்போதெல்லாம் நீதான் வர்றன்னு திரும்பிப் பாத்துச்சு."

அது உண்மை. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒன்பது நாளும் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.