மோகனம் கேட்டு அழுதவள்

ஐம்பதுகளின் நடுவில், இசையும் மனமும் பற்றிப் பேசச் சென்னையில் பேராசிரியர்கள் கூடுவார்கள். ஒரு ராகம் நெஞ்சை என்ன செய்கிறது என்று காலையில் வாதாடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் எந்த ராகத்தின் உதவியும் இல்லாமல் தூங்குவார்கள். நான் அப்போது ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கும் தற்காலிக ஆசிரியன். அந்தக் கூட்டத்தில் கட்டுரை ஏற்கப்பட்டால் வேலை நிரந்தரம் என்று துறைத் தலைவர் சொல்லியிருந்தார்.

சங்கீதம் தெரியாதவர்களுக்கும் மோகனம் மகிழ்ச்சி தரும், முகாரி துக்கம் தரும் என்று காட்டுவதுதான் கட்டுரை. சங்கீதம் தெரியாதவர்களைத் தேடி நான் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் என் ஊரே இருந்தது. திருவள்ளூரிலிருந்து ஒலிபெருக்கி செட்டை வாடகைக்கு எடுத்துவந்து, எங்கள் களத்து வேப்பமரத்தில் குழாயைக் கட்டினேன்.

அங்கேதான் காரியம் கெட்டது. எங்கள் பக்கம் குழாய் கட்டினால் கல்யாணம், இல்லாவிட்டால் காதுகுத்து. பரிசோதனை என்று தண்டோரா போடாத குறையாகச் சொல்லியிருந்தும், பெண்கள் பூ வைத்து, வெற்றிலைத் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். நாதஸ்வர இசைத்தட்டில் முகாரியைப் போட்டேன். எல்லார் முகத்திலும் சிரிப்பு. எப்படி இருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஜோரா கீது. பொண்ணு மாப்ள எங்க?" என்றார்.

என் அக்கா மட்டும் வரவில்லை. கணவனை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். முதல் நாளே கூப்பிட்டிருந்தேன்.

"கொழா கட்டிக்கீற எடத்துல நான் வந்து நின்னா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? போடா."

மோகனம் ஓடும்போது வைக்கோற்போருக்குப் பின்னால் அவளைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

சென்னைக் கூட்டத்தில் எல்லாவற்றையும் உள்ளபடி வாசித்தேன். ராகத்தைவிடப் பழக்கமே பெரிது என்கிற முடிவு அவைத் தலைவருக்குப் பிடித்துப்போயிற்று. மோகனத்துக்கு அழுத ஒருத்திதான் அவரை உறுத்தினாள்.

"அந்த அம்மாள் மற்றவர்களோடு உட்காரவே இல்லையே. அதை எடுத்துவிடுங்கள், கட்டுரையை ஏற்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. "அவளும் கேட்டாள், ஐயா. அவள் என் அக்கா" என்றேன்.

"அப்படியானால் கட்டாயம் எடுக்க வேண்டும்" என்றார் அவர், சாந்தமாக.

நான் எடுக்கவில்லை. கட்டுரையை அவர்கள் ஏற்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று; நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, சோறு போட்டுக்கொண்டே அக்கா கேட்டாள்.

"ஒங்க கூட்டத்துல இன்னாதான் சொன்னாங்க?"

"உன்னக் கணக்குல சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க."

"இதுக்காடா வேலைய உட்ட?" என்று குழம்பை ஊற்றினாள். "எந்தப் பந்தல்ல என்னச் சேத்துக்கினாங்க, அங்க சேத்துக்க?"