வாள்வீரனின் இரண்டாவது தாடை

பெயின்ட் கடையில் பதினான்கு வருடம் நின்றவளுக்கு நிறத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. "சந்தனக் கலர் வேணும், ஆனா சந்தனம் மாதிரி இருக்கக் கூடாது" என்று ஒருவர் வந்து நின்றால், அவர் முகத்தை ஒரு தரம், கையிலிருக்கும் பையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கலவை இயந்திரத்தைத் தட்டிவிடுவாள். தான் கலந்து கொடுத்த டப்பாவை ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை என்பாள். இரண்டு பேர் கொண்டுவந்தார்கள் என்பார் அவள் கணவர்.

அந்தக் கடைப் படியில்தான் ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் மாவுக்கட்டு, ஆறு வாரம் கட்டிலே கதி. பார்க்க வந்த அண்ணன், கம்ப்யூட்டரில் படம் வரைய உதவும் ஒரு பேனா டேப்லெட்டைக் கையில் கொடுத்தான். ஓவியனாகிவிடப் போகிறேன் என்று ஆசைப்பட்டு வாங்கி, மூன்று நாள் கிறுக்கிவிட்டு, பிறகு டீ டம்ளர் வைக்கும் தட்டாக அவன் பயன்படுத்திவந்த பொருள் அது. வட்டக் கறையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தவள், கட்டுப் பிரிப்பதற்குள் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே கறுப்புவெள்ளைக் கோட்டுப் படங்களுக்கு வண்ணம் போடக் கற்றுக்கொண்டாள்.

அப்போது ஓர் ஓவியர் வண்ணம் தீட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். பெரிய கண்ணும் முள்ளம்பன்றி முடியுமாக, மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதைப் பாணியில், ஓர் இளம் வாள்வீரனின் கதையை வாராவாரம் இணையத்தில் வரைகிறவர். இவள் மூன்று பக்கம் தீட்டி அனுப்பினாள். அது நடந்து மூன்று வருடமாகிறது. கடையை விட்டாயிற்று. வாரம் எட்டுப் பக்கம். ஓவியரை நேரில் பார்த்ததே இல்லை. அவர் "அக்கா" என்பார், இவள் "தம்பி" என்பாள், சண்டையெல்லாம் போனில்தான்.

சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் அவர் கோடுதான். வண்ணம் போடும்போது கோட்டுக்குள் ஓர் இடத்தைத் தொட்டால் அந்த இடம் முழுக்க நிறம் தானாக நிரம்பும். ஆனால் கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் போச்சு, நிறம் வெளியே கசிந்துவிடும். ஒருமுறை வீரனின் மேலங்கிக்கு நீலம் ஊற்றினாள். வானம், குதிரை, எதிரிப் படை மொத்தமும் நீலமாகிவிட்டது. "தம்பி, உங்க வீட்டுலயாவது கதவைச் சாத்திட்டுத் தூங்குவீங்களா, இல்ல அதுவும் இப்படித்தானா?" என்று குரல் பதிவு அனுப்பினாள்.

அவளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. நிழல். நிறம் நிரப்பியபின், அதற்குமேல் தனி அடுக்காக நிழல் போட வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முடிவுசெய்து, மூக்குக்குக் கீழே, காதுக்குப் பின்னே, கழுத்தில் என்று இருட்டைச் சேர்க்க வேண்டும். இந்த விஷயத்தில் அவள் தன் கற்பனையை நம்புவதே இல்லை. கண்ணால் பார்த்தால்தான் கை ஓடும். பார்ப்பதற்கு இருக்கவே இருக்கிறார் கணவர். லிஃப்ட் மெக்கானிக். நல்ல உயரம், நல்ல சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமையானால் போர்வையைத் தோளில் முடிந்துகொண்டு, குடையை வாளாகப் பிடித்து ஸ்டூல்மேல் நிற்பார். இவள் மேசை விளக்கைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுப்பாள். கூரியர்காரர் ஒருமுறை அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினார். வீரர் வாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கினார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கதையில் வந்தது பாலத்துக் காட்சி. மலையிலிருந்து இறங்கிவந்த வீரன் பாலத்தில் குனிந்து ஆற்றைப் பார்க்கிறான். தண்ணீரில் பட்ட வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடிக்கிறது. கீழிருந்து வரும் வெளிச்சத்தை அவள் போட்டதே கிடையாது. கணவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, தரையில் விளக்கை வைத்தாள்.

"ரத்தமெல்லாம் தலைக்கு வந்துடுச்சும்மா."

"வரட்டும். வீரன் பேச மாட்டான்."

அந்த ஒரு பக்கத்துக்கு நாலு நாள். போட்டு முடித்தபின் தூர நின்று பார்த்தாள், கிட்ட வந்து பார்த்தாள். இவ்வளவு நன்றாக இதுவரை செய்ததில்லை என்று தோன்றியது. அந்த வாரப் பகுதி வெளியான மறுநாள் காலை வாசகர் கருத்துகளைத் திறந்தாள். "அருமை", "அபாரம்" என்று ஏழெட்டு. அடுத்தது: "வீரன் கொஞ்சம் சதை போட்டுட்டாரோ?" அதற்கடியில் இன்னொருவர்: "மலைல நல்ல கவனிப்பு போல."

போன் அடித்தது.

"அக்கா, சாப்டீங்களா?" என்றார் ஓவியர்.

அவர் சாப்பாட்டை விசாரித்தால் வில்லங்கம் என்று பொருள். "விஷயத்துக்கு வாங்க தம்பி."

"இல்லக்கா, பாலத்துப் பக்கம். நான் தாடை ஒண்ணுதான் வரைஞ்சேன். எண்ணிப் பாத்துட்டேன்."

"ஒண்ணுதான் இருக்கும்."

"இப்ப ரெண்டு இருக்குக்கா."

"கோட்டைச் சாத்தாம விட்டிருப்பீங்க."

"தாடை எப்படிக்கா கசியும்?"

போனை வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உண்மைதான். வயது இருபது, மலையில் பட்டினி கிடந்து இறங்கி வந்தவன், கழுத்தில் மட்டும் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பழைய பக்கங்களைப் புரட்டினாள். காது மடலின் கீழ் விழும் நிழல், மூக்கின் பக்கத்து மேடு, எல்லாம் அவர்தான். மூன்று வருடமாக அவளைக் கேட்காமலேயே அவள் கை அவரைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கடைத்தெருவில் எல்லோருக்கும் முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டதுபோல முகம் சூடாயிற்று.

மாலையில் கணவர் வந்து திரையை வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கான்? கம்பீரமா." பிறகு கை தானாகத் தாடைக்குப் போனது. "எனக்கு இவ்வளவா இருக்கு?"

"விளக்கு கீழ இருந்துச்சு இல்ல, யாருக்கும் அப்படித்தான் தெரியும்."

"யாருக்குமா? அப்ப நீ படு."

தப்பிக்க வழியில்லை. அவள் கட்டிலில் தலையைத் தொங்கவிட்டாள். அவர் விளக்கைத் தரையில் வைத்து, மண்டியிட்டு, டாக்டர்போல முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டரை" என்றார் திருப்தியோடு.

மறுநாள் அவள் அந்த நிழலை அழித்துச் சரிசெய்தாள். பத்து நிமிட வேலை. கை வராமல் ஒரு மணி நேரம் ஆயிற்று. திருத்திய பக்கம் வந்ததும் வாசகர்கள் வேறு பாட்டைத் தொடங்கினார்கள்: பழைய தாடை எங்கே, அதில்தான் ஒரு உயிர் இருந்தது! ஓவியர் யோசித்துப் பார்த்து, அடுத்த வாரமே இரண்டு தாடையோடு ஒரு படகோட்டியைக் கதைக்குள் இறக்கினார். அவள் கணவர் அதை வேலையிடத்தில் அத்தனை பேருக்கும் காட்டினார். லிஃப்டில் வந்தவர்களுக்கும் காட்டினார்.

மூன்றாம் வாரம் படகோட்டி வெள்ளத்தில் போய்விட்டார்.

"படகோட்டிக்கு நீச்சல் தெரியாதா? என்ன கதை இது?" என்று போர்வையை மடித்து வைத்த கணவர், அந்த ஞாயிறு ஸ்டூல் பக்கமே வரவில்லை. அவள் ஒரு கையில் குடை, ஒரு கையில் விளக்கு என்று கண்ணாடி முன் தானே நின்று பார்த்தாள். போட்டோ எடுக்க மூன்றாவது கை இல்லை. கடைசியில் ஓவியரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, சாப்டீங்களா?"

"என்னக்கா ஆச்சு?"

"அந்தப் படகோட்டி பொணம் கெடைச்சுதா?"

"இன்னும் வரையலக்கா."

"அப்ப வரையாதீங்க. ஆள் எங்கயாவது கரை ஒதுங்கட்டும். இங்க வேலை நின்னு போச்சு."

யோசிக்கிறேன் என்றார் அவர். வியாழக்கிழமை எட்டுப் பக்கம் வந்தது. ஐந்தாம் பக்கத்தில், நாணலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சேற்றில் எழுந்து நிற்கிறார், உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட. அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கணவர் முன் வைத்தாள். அவர் பார்த்தார். எழுந்து குளியலறைக்குப் போய்த் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டு வந்து ஸ்டூலில் ஏறினார்.

"கலர் நல்லாப் போடு" என்றார்.

"தரையெல்லாம் தண்ணி! கொஞ்சம் குனிங்க, ரெண்டாவது தாடை சரியாத் தெரியல" என்றாள் அவள், விளக்கின் ஒயர் நனையாமல் தூக்கிப் பிடித்தபடி.