அறுபத்திரண்டில் நின்ற மெஷின்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்குக் கதை கட்டத் தெரியாது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் பதினோரு வருடமாக வேலைச் சீட்டு எழுதுகிறவன் நான். எந்த மெஷின் எத்தனை மணிக்கு வந்தது, என்ன செய்தோம், எத்தனை மணிக்கு ஓடியது என்று எழுதி எழுதியே கை பழகிவிட்டது. அன்று என் வீட்டில் செய்த வேலைக்கும் பழக்கதோஷத்தில் ஒரு சீட்டு எழுதினேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நேரத்தில் ஒரு நிமிடம்கூட மாற்றவில்லை.

என் மனைவிக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில், எங்கள் ஊரிலும் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. வீடியோவில். கேள்வி கேட்பவர்கள் இருந்த நாட்டில் அது பகல். எங்களுக்கு இரவு ஒன்பது மணி. பேச்சோடு தட்டச்சுச் சோதனையும் உண்டு, கைபேசி ஆகாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இதுவும் இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட்டு என் அண்ணன் வீட்டில் போய் ஒண்டிக்கொள்வது என்று பேசி முடித்திருந்தோம்.

அதற்காகத்தான் ஒரு மெஷினைக் கோத்தேன். எல்லாமே புதுப் பாகங்கள். சீல் உடைத்தவன் நான். அன்று கடையில் ஏழு மெஷின் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிச்சல். கடைசி ஸ்க்ரூவை முடுக்கியபோது மணி 6.20.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினை ஓட வைக்கும் சிஸ்டம் பென்டிரைவிலிருந்து ஏறி முடியும்வரை கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ் தவிர வேறெதையும் செருக மாட்டோம். கண்டதையும் செருகிவிட்டால் கோளாறு எங்கே என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். அதனால் கேமராவை உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன்.

6.35. சிஸ்டத்தை ஏற்ற ஆரம்பித்தேன். 62 சதவீதத்தில் நின்றது.

பென்டிரைவை வேறு துளையில் போட்டேன். 62. இரண்டு ராம் மெமரி அட்டையில் ஒன்றைக் கழற்றினேன். 62. மற்றதை மாற்றிப் போட்டேன். 62. டிஸ்க் வயரை மாற்றினேன். அதே 62.

இன்னொன்று. மெஷின் தொடங்கும்போது செட்டிங் திரைக்குள் போய்ப் பார்த்தால், மெஷினின் கடிகாரம் 9.00 என்று காட்டியது. புது போர்டில் நேரம் தப்பாக இருப்பது சகஜம். திருத்தினேன். மறுபடி தொடங்கினேன். 9.00. பேட்டரியை மாற்றினேன். 9.00. நொடி ஓடவே இல்லை.

கடையில் என்னோடு வேலை பார்க்கும் தாடிக்குப் போன் போட்டேன்.

"பென்டிரைவ் செத்திருக்கும் மாப்ளே."

"மத்தியானம்தான்டா இதே பென்டிரைவ்ல ரெண்டு மெஷினுக்கு ஏத்தினேன்."

"அப்ப மெஷின் மேல தப்பில்ல. பொண்டாட்டிக்குச் செய்யிற வேலைன்னா எவனுக்கும் தடுமாறத்தான்டா செய்யும்." சிரித்தான். "கடிகாரத்த விடு. அது ஓடாட்டி என்ன, சிஸ்டம் ஓடினாப் போதும்."

8.10. மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். நேர்காணலுக்கென்று தலைவாரி, நல்ல உடை உடுத்தியிருந்தாள்.

"ஏங்க, வருமா வராதா?"

"வரும்."

"ஆறரையிலேர்ந்து வரும் வரும்னுதான் சொல்றீங்க. பஸ்ஸா அது?"

நான் பென்டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகினேன். 

"அக்கா போன எடுக்க மாட்டேங்குறா. நேர்லயே போயி அவ லேப்டாப்ல பேசிக்கிறேன். கதவத் தாப்பா போட்டுக்குங்க."

8.15க்குக் கிளம்பினாள். தாழ்ப்பாள் போட்டேன். வீட்டில் நான் மட்டும்.

8.22. மறுபடி ஆரம்பித்தேன். நாற்காலியில் சாய்ந்து, கை இரண்டையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தேன்.

டக்.

கீபோர்டு சத்தம். என் கை முழங்கால் மேல்தான் இருந்தது.

டக்... டக்...

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவதுபோல். கீபோர்டைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. வயரைச் சுருட்டி மேஜை ஓரத்தில் வைத்தேன். மணி 8.41.

டக்.

எழுந்து, நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டு, பின்னால் சுவரோரம் கிடந்த இன்னொரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஓடியிருக்க வேண்டும் என்பீர்கள். எனக்கு ஓடுகிற அளவுக்குக்கூடத் தெம்பில்லை. பயத்தைவிட அசதி பெரிதாக இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது. திரையில் 62. அவள் இந்நேரம் அக்கா வீட்டில் பேச ஆரம்பித்திருப்பாள் என்று நினைத்தேன். கண் மூடிக்கொண்டது.

விழித்தபோது 9.40.

திரை பளிச்சென்று இருந்தது.

சிஸ்டம் ஏறி முடிந்திருந்தது. ஏறும்போது மெஷின் கேட்கும் கேள்விக்கெல்லாம் யாரோ பதில் கொடுத்திருந்தார்கள். பயனர் பெயர்... சிட்டு.

என் மனைவியை அப்படிக் கூப்பிடுகிறவன் நான் ஒருவன்தான். அதுவும் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது. அவள் அக்காவுக்குக்கூடத் தெரியாது.

சுருட்டி வைத்த கீபோர்டு செருகியிருந்தது.

மேஜைக்குள் தள்ளிய நாற்காலி வெளியே இருந்தது. பாதி திரும்பி... என்னைப் பார்த்து.

"சிட்டு... எப்ப வந்தே?"

எழுந்து வாசலுக்குப் போனேன்.

கதவைப் பார்த்தேன்.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

9.55க்கு வாசல் மணி அடித்தது. திறந்தேன். நெற்றியெல்லாம் வியர்வையாக நின்றாள்.

"அக்கா வீடு பூட்டிக் கெடக்கு. திரும்பி வர பஸ்ஸும் இல்ல. நடந்தே வந்தேன்." உள்ளே வந்து திரையைப் பார்த்தாள். "வந்துடுச்சா? இப்ப வந்து என்ன பிரயோஜனம்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. நடந்ததை அன்று அவளிடம் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் நானே எழுந்து செய்திருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சீட்டில் 'ஓடுகிறது, 9.40' என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை 11.20க்கு அவள் கைபேசிக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நேற்று நாற்பது நிமிடம் உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி, தட்டச்சில் ஒரு பிழையும் இல்லை, உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று இருந்தது.

"எனக்குப் பதிலா யாரையாச்சும் பேச வச்சீங்களா?"

"யார வைக்கிறது? நான் தூங்கிட்டேன்."

எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். இருவரும் அலமாரிப் பக்கம் போனோம். கேமரா உறைக்குள் இருந்தது. சீல் கிழியவில்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்து கடிதத்தை இன்னொரு தடவை படித்தாள்.

"போகவா, வேண்டாமா?"

வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரர் கொடுத்த கெடு அந்த வாரத்தோடு முடிகிறது. பேய்க்குப் பயப்படுவதற்கும் ஒரு வசதி வேண்டும். எங்களுக்கு அது இல்லை.

"போ" என்றேன்.

போனாள். மெஷினைப் பிரித்துக் கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். அதன் பாகங்கள் இன்று யார் யார் வீட்டில் ஓடுகின்றனவோ, தெரியாது.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். அன்று நேர்காணல் எடுத்த மேனேஜர் அம்மா வெளிநாட்டிலிருந்து ஆபீஸ் வீடியோவில் அவளிடம் பேசினாராம், அவரும் தமிழ்தானாம். அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"ரொம்ப நல்லாப் பேசினீங்கம்மா. ஆனா உங்களுக்குப் பின்னாடி நாற்காலியில ஒருத்தர் தூங்கிட்டிருந்தாரு. நீங்க திரும்பித் திரும்பி அவரையே பாத்தீங்க. ஏம்மான்னு கேட்டேன். 'மூச்சு நின்னுடுச்சான்னு பாக்குறேன்'னு சொன்னீங்க."