தேங்காய் எழுந்து நின்ற இடம்

எங்கள் தண்ணீருக்கு நாங்களே தினமும் இன்னொருவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் பொறுக்கும்? எனக்கு வயிறு எரிந்தது. பத்து வயதில் வேறு எதற்கும் நான் அப்படிக் கொதித்ததில்லை.

பெங்களூரு மர்பி டவுனில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்த நாங்கள், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஒரு லேஅவுட்டில் வீடு கட்ட சைட், அதாவது மனை, வாங்கியிருந்தோம். அப்போது அங்கே வீடுகளே இல்லை. முட்புதரும், அதற்குள் நம்பர் எழுதிய எல்லைக்கற்களும்தான். தண்ணீர் லாரிக்காரர்கள் அவ்வளவு தூரம் வர முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். போர்வெல் போட்டால்தான் வீடு என்றாகிவிட்டது.

நீரோட்டம் பார்க்கத் தாய்மாமன் வந்தார். உள்ளங்கையில் படுக்க வைத்த தேங்காய், அடியில் தண்ணீர் இருந்தால் எழுந்து நிற்குமாம். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் நடக்க, பின்னால் அப்பா, அம்மா, நான். எல்லார் கண்ணும் தேங்காய் மேல். எல்லைக்கல்லைப் பார்க்க ஒரு ஆள் இல்லை! ஓரிடத்தில் தேங்காய் சடக்கென்று எழுந்தது. மாமாவின் பெருமையைப் பார்க்க வேண்டுமே, கங்கையையே கையோடு கூட்டி வந்தவர் மாதிரி மீசையை முறுக்கினார்.

அம்மாவின் வளையல்களை விற்றுப் போர் போட்டோம். தண்ணீர் பீறிட்டது, நான் சேற்றில் குதித்தேன். மூன்றாம் நாள் பக்கத்து சைட்காரர் டேப்போடு வந்தார். கன்னடக்காரர், ரிட்டயர்டு வாத்தியார்.

"ஏன் ஸ்வாமி, இது நம்ம சைட்டு. உங்க கல்லு அங்க இருக்கே!"

அளந்தார்கள். போர் அவருடைய நிலத்தில் எட்டடி உள்ளே இருந்தது. மாமா தேங்காயைத் திட்டினார். தேங்காய் என்ன செய்யும், பாவம்.

இன்னொரு போர் போட எங்களுக்கு வக்கில்லை. வாத்தியார் மோட்டார் வைத்து, தினமும் காலையில் வந்து ஒரு மணி நேரம் பைப்பை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் சுவர் எழும்பியது. அம்மா தினமும் குழைந்து குழைந்து "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்பாள். யாருடைய வளையல், யாருக்குத் தேங்க்ஸ்? ஒருநாள் பைப்பைப் பிடுங்கிக் கத்தியேவிட்டேன்.

"இது எங்க தண்ணி! எங்கப்பா போட்ட போர்! நீங்க ஒண்ணும் பெருசா தர வேணாம்!"

அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "வாய மூடுடி, மானத்த வாங்காத!"

அவர்தான் தடுத்தார். "விடும்மா, அடிக்காதே. ஆமா பாப்பா, உங்க தண்ணிதான். நல்லா புடிச்சுக்கோ."

ஒப்புக்கொண்டார், பார்த்தீர்களா! வீங்கிய முதுகோடு, ஜெயித்துவிட்ட திமிரில் திரிந்தேன்.

அடுத்த ஆண்டு அவர் வீடு கட்டினார். ஹாலை ஒட்டி, கூரையில்லாமல் ஒரு சதுரத்தைச் சும்மா விட்டிருந்தார். நடுவில் எங்கள் போர். வாத்தியாருக்கு வீடு கட்டத் தெரியவில்லை என்று மாமாவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அது அவர் தன் மகளுக்கென்று வரைந்து வைத்திருந்த அறை என்பதோ, எங்களுக்குத் தண்ணீர் நின்றுவிடக் கூடாது என்றுதான் அதைக் கட்டாமலே விட்டார் என்பதோ எனக்கு அப்போது புரியவில்லை.