நாரத்தை மரத்துத் தேன்சிட்டு

சேந்தமங்கலம் வரைக்கும் கரி பஸ். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கண்ணில் காணக் கிடைக்காததால், வண்டியின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிக் கரியை எரித்து ஓட்டுகிறார்கள். மேடு வந்தபோதெல்லாம் நாங்கள் இறங்கித் தள்ளினோம். காசும் கொடுத்து வண்டியையும் தள்ளும் பாக்கியம் சேலத்துக்காரனுக்குத்தான் வாய்க்கும். "இன்னும் எவ்வளவு நேரமப்பா?" என்று டிரைவரைக் கேட்டேன். "அது நீங்க தள்றதப் பொறுத்ததுங்க" என்றார். மனிதர் சிரிக்கவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறவனுக்குக் கொல்லிமலையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு குருவிக் கூட்டை வரையத்தான் புறப்பட்டேன். நம் வீட்டுச் செம்பருத்தியில் தேன் குடிக்க வரும் தேன்சிட்டின் அண்ணன் ஒன்று காட்டில் உண்டு. அரிவாள் மாதிரி வளைந்த நீண்ட அலகு. கறுத்த உடம்பில் வெயில் பட்டால் நீலமும் ஊதாவும் மின்னும். அதன் கூட்டை நான் பார்த்ததே இல்லை.

இரவு சேந்தமங்கலத்தில் தங்கி, விடியுமுன் மாட்டு வண்டி பிடித்தேன்; காரவள்ளிக்கு எட்டு மைல். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதைதான். காலை பத்து மணிக்கு ஏறத் தொடங்கி, முழங்கால்கள் இரண்டும் என்னைத் திட்டித் தீர்த்த பிறகு, நான்கு மணிக்கு அரியூர் நாட்டில் சடையன் வீட்டு வாசலில் போய் விழுந்தேன். சடையன் சேலம் சந்தைக்கு மிளகு கொண்டுவரும்போது பழக்கமானவர்; காரவள்ளிக்கே இறங்கி வந்து என்னை அழைத்துப்போனார். அவருடைய மனைவி பாப்பாயிக்கு ஏழாவது மாதம். போன வருஷம் பிறந்த தலைச்சன் பிள்ளை தங்கவில்லை என்று வழியில் சடையன் சொல்லியிருந்தார். அந்தப் பெண் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். அப்படி ஒரு பசி, அப்படி ஒரு ருசி!

மறுநாள் விடிந்ததும் காட்டுக்குப் போனோம். மிளகுக்கொடி ஏற்றிய முள்ளுமுருங்கைகள் இலை உதிர்த்துச் செக்கச்செவேலென்று பூத்திருந்தன. அங்கே ஒரு கிளையில் அவன் உட்கார்ந்திருந்தான், நான் தேடி வந்த கறுத்த ராஜா! பூவுக்குள் அலகை விட்டு உறிஞ்சினான். நீளப் பூ ஒன்றின் வாசல் சரிப்படாமல் போனதும், அடியில் துளை போட்டுத் தேனைத் திருடினான். அலகில் ஒரு சிலந்தியைக் கவ்விக்கொண்டு சட்டென்று பறந்தான். குஞ்சுகளுக்குத்தான் கொண்டுபோகிறான் என்று துரத்தினோம். முள்ளில் என் வேட்டி கிழிந்ததுதான் மிச்சம். கூடு அகப்படவில்லை.

நடுப்பகலில் வீடு திரும்பினால், வாசலில் பாப்பாயி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே உடைந்த நாரத்தைக் கொம்பு ஒன்று கிடந்தது.

அடுத்த வாரம் ஊர்த் திருவிழா; நோம்பி என்பார்கள். நோம்பிக்கு முன்னால் வீடு வாசல் எல்லாம் ஒட்டடை அடித்துச் சாணி மெழுகுவது அங்கே வழக்கம். பட்டணத்து விருந்தாளி வேறு வந்திருக்கிறேன். வாசல் நாரத்தையில் சருகும் சிலந்தி வலையுமாகத் தொங்கிய குப்பையையும் சுத்தம் செய்துவிடலாமென்று அவள் விளக்குமாற்றால் இழுத்திருக்கிறாள். கொம்போடு வந்து விழுந்த குப்பைக்குள் இரண்டு குஞ்சுகள் கத்தியிருக்கின்றன. தன் கூட்டைச் சிலந்தி வலைக்குள்ளேயே மறைத்துக் கட்டும் கெட்டிக்காரி அந்தப் பெண் குருவி. நாங்கள் காடெல்லாம் தேடிய கூட்டின் அடியில்தான் காலையில் நின்று பல் விளக்கினேன்.

"புள்ளத்தாச்சி கையால ஒரு தாயோட கூட்டக் கலைச்சுப்புட்டேனுங்க சாமி" என்று பாப்பாயி அழுதாள். "இனி என் வவுறு என்னாகுமோ!"

"அப்படியெல்லாம் பேசாதே அம்மா, குஞ்சுகளுக்கு உயிர் இருக்கிறது" என்றேன்.

"கொஞ்சம் தேன் வெக்கட்டுங்களா?" என்றாள்.

"வேண்டாம். தேன் பெரியவர்களுக்கு. குஞ்சுகளுக்குச் சிலந்தியும் பூச்சியும்தான். தாய்தான் வரவேண்டும்."

சடையன் கூட்டைக் கொம்போடு சேர்த்து வாழைநாரால் பக்கத்துக் கிளையில் கட்டினார். மூவரும் உள்ளே போய்க் கதவிடுக்கில் பார்த்தோம். தாய் வந்தது, மேலே பழுப்பு, அடியில் மங்கிய மஞ்சள், அலகில் இரை. கூடு பழைய இடத்தில் இல்லை. அந்த வெறும் காற்றில் சிறகடித்து நின்றது. ஒரு முழம் தள்ளி இருந்த கூட்டைத் திரும்பியும் பார்க்காமல் போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடியும் அப்படியே போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இருந்த எடத்துலயே வெய்யுங்க" என்றாள் பாப்பாயி. "எம்பட ஊட்டத் தூக்கி அடுத்த காட்டுல வெச்சா எனக்குத் தெரியுமா?"

சடையன் மறுபடி மரத்தில் ஏறினார். உடைந்த கொம்பைக் கூட்டோடு அவிழ்த்து, முறிந்த இடத்தோடு பொருத்தி, எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல மூங்கில் பத்தை வைத்து இறுக்கினார். கூடு பழைய இடத்திலேயே தொங்கியது.

மணி மூன்றிருக்கும். பாப்பாயி சோற்றைத் தொடவில்லை. தாய் வந்தது. காற்றில் நின்றது. சரேலென்று கூட்டின் வாயில் ஒட்டிக்கொண்டு தலையை உள்ளே விட்டது. "வந்துட்டா, வந்துட்டாளுங்க!" என்று பாப்பாயி என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

அன்று நான் வரையவில்லை. வரைவதென்றால் மரத்தடியில் போய் நிற்க வேண்டும். அதற்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். குருவி மிரளக்கூடாது, யாரும் வாசல் வழியாக நடப்பதில்லை என்று வீட்டில் சட்டமாகியிருந்தது. நானும் கொல்லைச் சேற்றில் இறங்கித்தான் வெளியே வந்தேன். குடத்தோடு அதே வழியில் பாப்பாயி எதிரே வந்தாள்.

"இந்த உடம்போடு ஏனம்மா சுற்றி நடக்கிறாய்?"

"பரவாயில்லீங்க சாமி." குடத்தை இறக்கிவைத்தாள். "நேத்து அந்தக் கூடு உழுந்ததுல இருந்து உள்ள ஒரு அசைவும் இல்லீங்க. பயந்துட்டு யார்கிட்டயும் சொல்லல. விடியக்காலம் ஒதைச்சுதுங்க. இப்பவும் ஒதைக்குது."

எனக்கு வழிகாட்ட வந்த சடையன் அங்கேயே நின்றுவிட்டார். தலையிலிருந்த என் மூட்டையை இறக்கி என் கையில் கொடுத்தார். "நீங்க முன்னால போங்க சாமி, நா வாரேன்" என்று சொல்லிவிட்டு மனைவியிடம் போனார்.

முன்னால் போக எனக்கு வழி தெரியாது. இருந்தாலும் போனேன்.